மணற்காட்டில் வண்டி நின்றால்: வளைகுடாவுக்குப் புதிதாகப் போகும் குமரி மாவட்டத்தவருக்கு

தக்கலையில் வண்டி பழுதாகி நின்றால் என்ன செய்வோம்? இறங்கி நடப்போம். எந்தத் திசையில் நடந்தாலும் பத்து நிமிடத்துக்குள் ஒரு சாயாக்கடை வரும், ஒரு குருசடியோ கோயிலோ வரும், ஒரு குளம் வரும். யாராவது ஒருவர் நின்று என்ன ஏது என்று விசாரிப்பார். சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழும் மாவட்டம் நம்முடையது. நடந்தால் உதவி கிடைக்கும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத பாடம்.

பாலைவனத்தில் ஆளைக் கொல்வது இந்தப் பாடம்தான். அதை விமானம் ஏறும் முன்பே மறந்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சவூதியின் கிழக்கு மாகாணத்திலும் பிறகு ஓமானிலும் பதினான்கு ஆண்டுகள் பிக்கப்பும் தண்ணீர் டேங்கரும் ஓட்டினேன். இப்போது ஊரில் இருக்கிறேன். மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கத்திலிருந்து புதிதாகப் போகும் பிள்ளைகள் விசா கையில் கிடைத்ததும் சம்பளம், ரூம், சாப்பாடு எல்லாம் கேட்கிறார்கள். மணலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஓட்டுநராக, எலக்ட்ரீஷியனாக, குழாய் பதிக்கும் வேலைக்காகப் போகிறவர்களுக்கு ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் பாலைவனத்துக்குள் வண்டி போகும். விடுமுறை நாளில் நண்பர்களோடு மணல்மேடு பார்க்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

என் இரண்டாவது ஆண்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜூலை மாதம். தார்ச்சாலையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் உள்ளே இருந்த ஒரு கேம்புக்குக் குழாய்ச் சாமான் கொண்டுபோனோம். என்னோடு இருந்தவன் இரணியல் பக்கத்துப் பையன்; வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மதியம் ஒன்றரை மணிக்கு மணலில் வண்டி இறங்கிவிட்டது. இரண்டு போனிலும் சிக்னல் இல்லை. தூரத்தில் ஒரு டவர் தெரிந்தது. “அண்ணா, பக்கத்தில்தான் இருக்கிறது, ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்” என்றான். நான் தடுக்கவில்லை. அது என் தவறு, இன்றுவரை உறுத்துகிறது. அரை லிட்டர் பாட்டில் ஒன்றோடு போனான்.

ஒட்டகங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஒரு பெரியவர் தற்செயலாக அந்த வழியே வந்தார். நான் சொன்னதும் அவர் டவரை நோக்கி வண்டியை விடவில்லை. இறங்கி, குனிந்து, காலடித் தடத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினார். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு ஒரு முட்புதர் அடியில் அவனைக் கண்டோம். சட்டையைக் கழற்றி எறிந்திருந்தான். என்னைப் பார்த்து, அம்மாவிடம் கதவைத் திறக்கச் சொல்லும்படி கேட்டான். நான்கு நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்தான். அந்த டவர் எவ்வளவு தூரம் என்று பிறகு வண்டியில் போய் அளந்தேன். பதினொரு கிலோமீட்டர்.

வண்டியில் உபரித் தண்ணீர் இல்லாமல் எங்களை அனுப்பியவர்கள் மீது கோபம் உண்டு. ஆனால் தண்ணீர் இருக்கிறதா என்று கிளம்பும் முன் நான் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் பாருங்கள்.

ஊரில் இருக்கும்போதே

நாகர்கோவிலில் பெட்டி வாங்கப் போகும் அன்றே இவற்றையும் வாங்கிவிடுங்கள். தொளதொளப்பான, முழுக்கை வைத்த, வெளிர் நிறப் பருத்திச் சட்டை நான்கு. பனியனோடு வேலை செய்தால் குளிர்ச்சி என்று நினைப்போம். அங்கே வெயில் நேராகத் தோலைச் சுடும், வியர்வையும் சட்டென்று காற்றோடு போய்விடும். உடம்பை மூடியிருப்பவனுக்குத்தான் குளிர்ச்சி. அரபிகள் முழு அங்கியும் தலைத்துணியும் போடுவது அதனால்தான். நம் துவர்த்து (துண்டு) இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்: தலைக்கு, கழுத்துக்கு, மணற்காற்றில் மூக்கை மூட, நனைத்துப் போர்த்த, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும்.

மருந்துக் கடையில் உப்புக் கரைசல் பொடி இருபது பாக்கெட். பாக்கெட் தீர்ந்தால் நீங்களே கலக்கும் முறை: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் இதே வேலையைச் செய்யும். நம் பாட்டிமார் வயலிலிருந்து வருகிறவர்களுக்கு அதைத்தான் கொடுத்தார்கள். அங்கே பகாலா என்ற மளிகைக் கடையில் கிடைக்கும் லபன் என்ற மோரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிப்பதும் நல்லது.

ஒரு விசில், உள்ளங்கை அளவுக் கண்ணாடி ஒன்று, டார்ச், இரண்டு லைட்டர். லைட்டரை விமானத்தில் சோதனையில் எடுத்துவிடுவார்கள் என்பதால் அதை மட்டும் அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் “கடும் வெயிலில் வேலை” என்று சொல்லிக் கேளுங்கள். சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரைகள் சில உண்டு, அவை உடம்பில் தண்ணீரைக் குறைக்கும்.

முதல் இரண்டு வாரம்

ஆனி, ஆடியில் நம் ஊரில் சாரல் விழும். மலைப்பக்கம் போர்வை கேட்கும். அந்த நேரத்தில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி நான்கைந்து மணி நேரத்தில் 45 டிகிரிக்குள் இறங்குவீர்கள். குவைத்தில் மித்ரிபா என்ற இடத்தில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவாகியிருக்கிறது. உடம்பு அந்த வெயிலுக்குப் பழக ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். வெயிலால் சாகிறவர்களில் பலர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாள்களிலேயே சாகிறார்கள். புதியவருக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, மறுநாள் இரண்டு பங்கு என்று கூட்டிக்கொண்டு போவதுதான் சரியான முறை. நல்ல ஃபோர்மேனிடம் கேட்டால் கொடுப்பார். கேட்க வெட்கப்படாதீர்கள். நாட்டுக்காரன் முன்னால் வீரம் காட்ட வேண்டிய இடம் அது இல்லை.

நண்பகல் வேலைக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 மணி வரை. ஐக்கிய அரபு அமீரகத்தில் அதே மூன்று மாதம், 12.30 முதல் 3 வரை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் 3.30 வரை, ஓமானில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை 12.30 முதல் 3.30 வரை, குவைத்தில் அதே மாதங்களில் 11 முதல் 4 வரை. திறந்த வெயிலில் நின்று செய்யும் வேலைக்கு இது. உங்கள் உரிமை இது என்று தெரிந்திருங்கள்.

இன்னொன்றைப் புரிந்துகொள்வது மிக முக்கியம். நாம் கடற்கரை மாவட்டக்காரர்கள். சட்டை முதுகில் ஒட்டினால், நெற்றியிலிருந்து சொட்டினால் வியர்க்கிறது என்று அறிவோம். பாலைவனத்தின் உலர்ந்த காற்றில் வியர்வை சொட்டாது. தோலுக்கு வந்த கணமே காய்ந்துவிடும். கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் உடம்பிலிருந்து போய்க்கொண்டிருக்கும், நமக்கோ வியர்க்கவே இல்லை என்று தோன்றும். சட்டையில் வெள்ளைக் கோடாக உப்பு படிவதுதான் அதற்கு அடையாளம். ஆகவே தாகத்தை நம்பாதீர்கள். வேலை செய்யும்போது கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் இருந்தால் ஆபத்து தொடங்கிவிட்டது. ஒரேயடியாக மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடிப்பதும் கூடாது. இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும்.

தம்மாம், துபாய் போன்ற கரையோர ஊர்களில் ஆகஸ்டில் இதற்கு நேர்மாறாக இருக்கும். ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை காயாது, உடம்பு குளிராது. அங்கே தெர்மாமீட்டர் காட்டும் எண் குறைவாக இருந்தாலும் நிழலும் ஓய்வும் கூடுதலாகத் தேவை.

வண்டி கிளம்பும் முன்

நான்கு காரியம். முதலாவது, ஒருவரிடம் சொல்லுங்கள். எந்த வழி, எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவேன், அதைத் தாண்டி எவ்வளவு நேரம் பொறுத்து யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற நான்கையும் ரூமில் இருப்பவருக்கு எழுதி அனுப்புங்கள். குளச்சலிலும் தூத்தூரிலும் கடலுக்குப் போகிறவர் எந்தப் பக்கம் போகிறார், எப்போது கரை சேருவார் என்று வீட்டுக்குத் தெரியும். தேடுவதற்கு ஒரு திசை வேண்டுமே. ரூப் அல் காலி என்ற அந்தப் பெருமணற்காடு சுமார் ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. திசை தெரியாமல் அங்கே யாரைத் தேடுவது?

இரண்டாவது, தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்று கணக்கு வையுங்கள். அரை நாள் வேலைக்குப் போனாலும் ஒரு நாள் தண்ணீர் உபரியாக இருக்க வேண்டும். ஒரே கேனில் வைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்து வையுங்கள்; ஒன்று ஒழுகினால் மற்றது இருக்கும். ரேடியேட்டருக்கு உள்ள தண்ணீர் தனி. ரேடியேட்டரில் ஊற்றிய நீரைக் குடித்துப் பிழைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், குளிர்விப்பான் திரவம் கொடிய விஷம்.

மூன்றாவது, டயரும் எரிபொருளும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வெயிலில் பழைய டயர் வெடித்து வண்டி உருண்டதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். காற்றழுத்தத்தை டயர் ஆறியிருக்கும் காலையில் பாருங்கள். டேங்க் பாதியாகும்போதே நிரப்புங்கள். மண்வெட்டி, காற்றளக்கும் கேஜ், சிறிய கம்ப்ரெசர், கயிறு, ஜாக்கின் அடியில் வைக்க ஒரு பலகை, ஒரு தார்ப்பாய். இவ்வளவும் வண்டியிலேயே இருக்கட்டும்.

நான்காவது, போன். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். போனை டாஷ்போர்டில் வெயிலில் வைக்காதீர்கள், சூடேறி அணைந்துவிடும். லைட்டரும் வாசனை ஸ்பிரேயும் அங்கே வைத்தால் வெடிக்கும்.

தார்ச்சாலையை விட்டு உள்ளே போவதானால் ஒற்றை வண்டியில் போகாதீர்கள். வேலைக்கு அனுப்பினாலும் இரண்டாவது வண்டியைக் கேளுங்கள்.

சாலையில்

சவூதியில் ஹரதிலிருந்து பத்ஹா எல்லையை நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 240 கிலோமீட்டருக்கு வளைவே கிடையாது. நாகர்கோவிலிலிருந்து மதுரை வரை ஸ்டியரிங்கைத் திருப்பாமல் போவதாக நினைத்துப் பாருங்கள். கண் திறந்திருக்கும், மனம் தூங்கிவிடும். ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி இறங்கி நடந்துவிட்டுப் போங்கள். மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்குப் போகும் ஆயிரம் கிலோமீட்டரும் இப்படித்தான். சலாலாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் ஊர்ச் சாரல் போலவே தூறும், தென்னை மரமும் இளநீர்க் கடையும் உண்டு. ஊர் நினைப்பில் நம்மவர் பலர் விடுமுறைக்குப் போவார்கள். அந்த ஆசையில் நடுவில் உள்ள ஹைமா, தும்ரைத் பாலைவனத்தை ஒரே மூச்சில் கடக்க முயல வேண்டாம்.

இரவில் ஒட்டகம். அதன் கால் நீளம். வண்டி காலில் மோதும், உடல் முழுவதும் கண்ணாடி மேலும் கூரை மேலும் விழும். இருட்டிய பிறகு வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

மணற்காற்று. வடமேற்கிலிருந்து வரும் ஷமால் காற்று ஜூன், ஜூலையில் வலுக்கும். ஆரல்வாய்மொழிக் காற்றில் வளர்ந்தவர்களுக்குக் காற்று புதிதல்ல, ஆனால் இது மண்ணைச் சுமந்து வரும். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. உடனே சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்துங்கள். நின்ற பிறகு எல்லா விளக்கையும் அணைத்து, கைபிரேக் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பின்னால் வருகிறவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, அங்கே சாலை போகிறது என்று நினைத்து உங்கள் மேலேயே ஏற்றிவிடுவார்.

வாதி என்று அவர்கள் சொல்லும் வறண்ட ஆற்றுப்படுகை பார்ப்பதற்குச் சமதளமாக, கூடாரம் போட நிழலாக இருக்கும். அங்கே தங்காதீர்கள். நம் குழித்துறை ஆறு பெருகுவதற்கு முன் நம் தலையில் மழை பெய்துவிடும், நமக்குத் தெரியும். வாதியில் எங்கோ தொலைவு மலையில் பெய்த மழை, வானம் தெளிவாக இருக்கும்போதே சுவர் போல வந்து இறங்கும். 2024 ஏப்ரல் 16 அன்று அமீரகத்தின் ஒரு பகுதியில் ஒரே நாளுக்குள் 254 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் ஓடும் வாதியை வண்டியில் கடக்கவே கூடாது.

சப்கா என்ற உப்புத் தரை இன்னொரு ஏமாற்று. மேலே காய்ந்த பொருக்கு, கீழே சேறு. ஓமானின் மேற்குப் பகுதியில் உள்ள உம் அஸ் சமீம் இதற்குப் பேர்போனது. நடுவில் இறங்கினால் இன்னொரு வண்டி வந்து இழுக்கவும் முடியாது. முன்பு போன டயர் தடத்தை விட்டு விலகாதீர்கள்.

மணலில் இறங்கிவிட்டால்

மணலுக்குள் நுழையும் முன்பே டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். சாலையில் 35 பி.எஸ்.ஐ. இருந்தால் மணலில் 15 முதல் 18. டயர் அகன்று, ஒட்டகத்தின் பாதம் போல மணல்மேல் பரவும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி நிரப்புங்கள், குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் டயர் சூடேறிப் பிய்ந்துவிடும்.

வண்டி நின்றுவிட்டதா? ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். ஒவ்வொரு முறை சக்கரம் சுழலும்போதும் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும்; பையனும் நானும் அன்று இதைத்தான் செய்தோம். எல்லோரும் இறங்குங்கள். டயருக்கு முன்னும் பின்னும் உள்ள மணலை வாருங்கள். வண்டியின் வயிறு மணலில் படிந்திருந்தால் அதையும் தோண்டி விடுங்கள். புகைக்குழாய் வாயைத் திறந்து வையுங்கள். காற்றை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். கால்மிதியைச் சக்கரத்தின் அடியில் செருகுங்கள். பிறகு வந்த தடத்திலேயே, சக்கரத்தை நேராக வைத்து, மெதுவாகப் பின்னால் எடுங்கள். தள்ளுகிறவர்கள் சக்கரத்துக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது.

காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை இந்த வேலையைச் செய்யாதீர்கள். இரண்டு முறை முயன்று வரவில்லை என்றால் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். மாலை வரட்டும்.

வண்டி நகரவே இல்லை என்றால்

இதை மெதுவாகப் படியுங்கள்.

வண்டியை விட்டுப் போகாதீர்கள். நடுக்கடலில் வள்ளம் கவிழ்ந்தால் கரை தெரிந்தாலும் நீந்தக் கூடாது, வள்ளத்தைப் பிடித்துக்கொண்டே கிடக்க வேண்டும் என்று நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அதே நியாயம். மணலில் ஒரு மனிதன் மேலிருந்து பார்த்தால் புள்ளிகூட இல்லை. வண்டி பளபளக்கும், நிழல் விழும், தேடுகிறவர் கண்ணுக்கு முதலில் படும். நிழல், கண்ணாடி, எரிபொருள், பேட்டரி, ஹாரன் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

தூரத்தில் தெரியும் எதையும் நம்பாதீர்கள். தூசி இல்லாத உலர்ந்த காற்றில், இடையில் மரமோ வீடோ இல்லாத வெளியில், பத்து கிலோமீட்டர் இரண்டு கிலோமீட்டர் போலத் தோன்றும். நடுப்பகலில் தெரியும் ஏரி கானல் நீர். பழந்தமிழில் இதற்குப் பேய்த்தேர் என்று பெயர். துரத்துகிறவன் முன்னால் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்துத்தான் தேர் என்றார்களோ என்று அங்கே நின்றபோது தோன்றியது.

முதலில் நிழல். பகலில் வண்டிக்குள் உட்காராதீர்கள், வெளியை விடச் சூடாகிவிடும். தார்ப்பாயைக் கதவில் கட்டி, வெயில் விழாத பக்கம் சாய்ப்பாக இழுங்கள். மேல் மணல் காலைச் சுடும்; ஓரடி, ஒன்றரை அடி தோண்டினால் குளிர்ந்த மணல் வரும். இருக்கையைக் கழற்றியோ பலகை போட்டோ தரையிலிருந்து சற்று உயர்ந்து உட்காருங்கள். இளகிய மணலில் நிற்கும் வண்டியின் அடியில் மட்டும் படுக்க வேண்டாம், வண்டி இறங்கும். ஏசிக்காக இன்ஜினை ஓட விட்டால் எரிபொருள் தீரும். புகைக்குழாய் மணலில் புதைந்திருந்தால் நச்சுப் புகை உள்ளே வந்து தூக்கத்திலேயே உயிர் போகும்.

தண்ணீரைத் துளித்துளியாகச் சேமித்து வைக்க நினைக்காதீர்கள். கேனில் தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே அது குடிக்கப்படாமல் செத்தவர்கள் உண்டு. தாகம் எடுத்தால் குடியுங்கள். மிச்சப்படுத்த வேண்டியது வியர்வையை: அசையாமல் இருங்கள், சட்டையைக் கழற்றாதீர்கள், மூக்கால் மூச்சு விடுங்கள், பேச்சைக் குறையுங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் சாப்பாட்டையும் குறையுங்கள். செரிப்பதற்கும் தண்ணீர் வேண்டும். சிறுநீரோ கடல்நீரோ குடிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் நீரையும் சேர்த்து வெளியே கொண்டுபோகும்.

அடுத்தது சைகை. பானெட்டைத் திறந்து வையுங்கள். பழுது என்பதற்கு அதுவே அடையாளம். கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பி அடிவானத்தில் மெதுவாக வீசிக்கொண்டே இருங்கள், பல கிலோமீட்டருக்குத் தெரியும். மூன்று என்பது உலகெங்கும் ஆபத்துக் குறி: மூன்று தீ, மூன்று விசில், மூன்று ஹாரன். பகலில் கரும்புகை வேண்டுமானால் ஸ்பேர் டயரை எரிக்கலாம். ஆனால் வால்வைக் கழற்றிக் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்து எரியுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். வண்டி கண்ணில் படும் தூரத்துக்குள் ஒரு மணல்மேடு இருந்தால், மாலையில் அதன்மேல் ஏறி சிக்னல் பாருங்கள். பேச முடியாத சிக்னலிலும் குறுஞ்செய்தி சில நேரம் போய்விடும். வரைபடத்தில் காட்டும் இட எண்களை அதில் எழுதுங்கள்.

நடந்தே ஆக வேண்டிய நேரம் மிக அரிது. சாலை எங்கே என்று ஐயம் இல்லாமல் தெரிய வேண்டும், அது பக்கத்தில் இருக்க வேண்டும், கையில் தண்ணீர் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் இரவிலோ விடியலிலோ மட்டும், வந்த தடத்தின்மேல் நடங்கள். எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் போனோம் என்று எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிட்டுப் போங்கள். திசைக்குத் துருவ நட்சத்திரம் உண்டு. நம் ஊரில் அது அடிவானத்துக்கு மேல் எட்டுப் பாகைதான், தென்னந்தோப்பு மறைத்துவிடும். பலர் அதைப் பார்த்ததே இல்லை. ரியாத்தில் சுமார் 25 பாகை உயரத்தில் நிற்கும். கையை நீட்டி அடிவானத்திலிருந்து ஒரு சாண் வைத்து, அதற்குச் சற்று மேலே பாருங்கள். அதுதான் வடக்கு.

யாராவது வண்டியில் வந்தால்: “மோயா” அல்லது “மாய்” என்றால் தண்ணீர். “சய்யாரா கர்பான்” என்றால் வண்டி பழுது. “முசாதா” உதவி. இந்த மூன்றும் போதும். பாலைவனத்தில் தண்ணீர் கேட்டவனை விட்டுப் போகும் அரபியை நான் கண்டதில்லை.

ஒருவருக்கு வெயில் தாக்கிவிட்டால்

கால், வயிற்றுத் தசை பிடிப்பதும் தலைவலியும் குமட்டலும் தலைசுற்றலும் எச்சரிக்கை. அப்போதே நிழல், உப்புக் கரைசல், ஓய்வு கொடுத்தால் மீண்டுவிடுவார். பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, தள்ளாடுவது, திடீரென்று கோபப்படுவது, மயங்கி விழுவது இவற்றில் ஒன்று வந்தாலும் அது வெப்பத் தாக்கு. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்துதான் இருக்கும் என்பதில்லை, வியர்த்துக்கொண்டும் இருக்கலாம்.

மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன் குளிர்விக்கத் தொடங்குங்கள். நிமிடங்கள்தான் மூளையைக் காப்பாற்றும். உடையைத் தளர்த்தி, இருக்கிற தண்ணீரை உடம்பு முழுவதும் ஊற்றி, துவர்த்தை நனைத்துப் போர்த்தி, அட்டையால் விடாமல் விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. அன்று அந்தப் பெரியவர், ஒட்டகத்துக்கு என்று வைத்திருந்த தண்ணீரை ஒரு சொல் கேட்காமல் முழுவதும் பையன்மேல் ஊற்றினார்.

பாம்பு, தேள் பற்றிச் சுருக்கமாக: காலணியை உதறிவிட்டுப் போடுங்கள், இருட்டில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், கல்லைக் கையால் புரட்டாதீர்கள். மணலில் புதைந்து கிடக்கும் விரியன் வகைகள் அங்கே உண்டு. கடித்தால் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனை.

குளிர்காலத்தில் போகிறவர்கள் போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி இரவில் உள்பாலைவனம் நடுங்க வைக்கும். அதற்காகக் கரியைப் பற்றவைத்துக் கூடாரத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. அந்தப் புகைக்கு வாசனை கிடையாது. தீ வெளியில்தான் இருக்க வேண்டும்.

அவசர எண்களைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதி வண்டியில் ஒட்டுங்கள். அமீரகத்தில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998. ஓமானில் 9999. கத்தாரிலும் பஹ்ரைனிலும் 999. குவைத்தில் 112. சவூதியில் ரியாத், மக்கா, கிழக்கு மாகாணப் பகுதிகளில் 911, ஆம்புலன்ஸ் 997. அதே தாளில் உங்கள் இக்காமா (குடியிருப்பு அனுமதி அட்டை) எண், இரத்த வகை, ஊரில் ஒருவருடைய எண் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

திரும்பி வந்ததும், யாரிடம் சொல்லிவிட்டுப் போனீர்களோ அவருக்கு “சேர்ந்துவிட்டேன்” என்று செய்தி அனுப்புங்கள். உங்களைத் தேடி இன்னொரு வண்டி வீணாக மணலுக்குள் கிளம்பிவிடக் கூடாது. பிறகு டயரில் காற்றைப் பார்த்து, காலியான தண்ணீர்க் கேன்களை அன்று இரவே நிரப்பி வண்டியில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். மறுநாள் காலையில் அந்த வண்டியை எடுக்கப் போவது நேற்றுத்தான் ஊரிலிருந்து வந்த ஒருவனாக இருக்கலாம்.